அவருக்காக நான் பேசிய ஏழு கிழமைகள்

ஓராண்டுக்குள் மூன்று புதிய தாதியர் எங்கள் நோயாளர் விடுதியை விட்டு விலகிச் சென்றனர். மூவரும் டேனியப் பெண்கள். பயிற்சியை நன்கு முடித்து வந்தவர்கள். முதலாமவர் விலகியபோது அவருடைய திருமணத்தைக் காரணமாகச் சொன்னோம். இரண்டாமவருக்கு, வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் இடையிலிருந்த தொலைவைச் சொன்னோம். மூன்றாமவர் தம் இறுதி நாளன்று, விடைபெறும் கோப்பிக்காகக் கொண்டுவந்த கேக்கை வெட்டிக்கொண்டே, “இங்கே ஐந்து மாதம் இருந்தேன். என் வேலையைச் சரியாகச் செய்கிறேனா இல்லையா என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கேக்கைப் பங்கிடும் அதே குரலில்தான் சொன்னார். அதன்பின் நாங்கள் வேறு காரணம் தேடவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. டேனிய நாட்டின் யூலன்டுத் தீபகற்பத்துக் கிழக்குக் கரையில், ஹோர்சன்ஸிலிருந்து தொடருந்தில் அரைமணி நேரத் தொலைவிலிருந்த ஒரு சிறுநகரின் மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைக்குரிய விடுதியில் நான் பணிபுரிந்தேன். யாழ்ப்பாணத்தில் தாதிப் பயிற்சி பெற்று, கணவரின் வேலை நிமித்தம் பத்தாண்டுகளுக்கு முன்பே அந்நாட்டுக்கு வந்து, மொழி கற்று, அங்கும் தாதியாகப் பதிவு பெற்றிருந்தேன். நான் சேர்ந்தபோது எனக்கும் ஒருவரும் ஒன்றும் சொல்லித் தரவில்லை. பிறருடைய கைகளைப் பார்த்துப் பழகினேன். அதுவே இயல்பென்றும் எண்ணியிருந்தேன்.

எங்கள் தலைமைத் தாதி ஐம்பதை அண்மித்தவர். தம் அறையில் சிறு சுருட்டொன்றைப் புகைத்தபடி பணிநேர அட்டவணை எழுதுபவர். அந்தக் கேக்குக்குப் பிறகு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இனிப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு மூத்த தாதி பொறுப்பாக இருக்கவேண்டும். இருவருக்கும் ஒரே பணிநேரம். வெள்ளிதோறும் அரைமணி நேரம் இருவரும் தனியே அமர்ந்து பேசவேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் எழுத்தில் ஒரு மதிப்பீடு. அப்பொறுப்பை ஏற்பவரை அங்கே ‘வைலேடர்’ என்றார்கள். வழிகாட்டி என்று நான் தமிழாக்கிக்கொண்டேன்.

அம்முறையில் முதலாவதாக வந்தவர் ஒரு தமிழ்ப் பெண். மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். யாழ்ப்பாணத்தில் எட்டாண்டு தாதியாக இருந்து, அவற்றுள் ஐந்தாண்டை அறுவைச் சிகிச்சை விடுதியிலேயே கழித்தவர். எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்குப் பின் கணவரோடும் கைக்குழந்தையோடும் ஏதிலியாக வந்து, ஒன்றரை ஆண்டு மொழிப் பள்ளியில் இருந்தார். இப்போது மூன்று மாதச் சோதனைக் காலம். விடுதியின் மதிப்பீடு நன்றாக அமைந்தால் தாதியாகப் பதிவு கிடைக்கும். இல்லாவிடில் அவருக்கு எஞ்சியிருந்தது துறைமுகத்து மீன் தொழிற்சாலை. அவருடைய கணவர் அங்கேதான் நாள்முழுதும் மீனைக் கீறிக்கொண்டிருந்தார்.

“அவரின்ரை கையைப் பாத்தாலே எனக்குப் பயமாக் கிடக்கு அக்கா” என்று முதற்கிழமையிலேயே, வந்த அந்த வாரத்திலேயே, என்னிடம் சொன்னார். “எட்டு வருசம் ஊசி போட்ட கை என்ரை. அங்கை ஒருக்கால் போனால், பிறகு இந்தக் கை எனக்குத் திரும்பி வராது.”

எங்களிடையே ஆறு வயதே வேறுபாடு. ஆயினும் முதல் நாளே அவர் என்னை அக்கா என்றார். நான் அவரை நீர் என்றேன். தலைமைத் தாதிக்கு அவரை என்னிடம் ஒப்படைப்பதில் ஐயமே எழவில்லை. எனக்கும் எழவில்லை.

விடுதியில் நாளின் முக்கியமான நேரம் மாலை மூன்று மணி. பகற்பணியாளர் மாலைப் பணியாளரிடம் நோயாளரைக் கையளிக்கும் நேரம் அது. நீள்வட்ட மேசையைச் சுற்றி எல்லோரும் அமர்வோம். நடுவில் கோப்பிக் குடுவை. குளிர்காலமாயின் ஒரு மெழுகுதிரி. தத்தம் நோயாளரைப் பற்றி ஒவ்வொரு தாதியும் தாமே எடுத்துச் சொல்லவேண்டும். கேட்பவர்களுள் உயரமான ஒருவர், கம்பளி நூலில் எதையாவது பின்னிக்கொண்டேயிருப்பார். கையைப் பார்க்காமலே பின்னுவார்; கண் பேசுபவரின் முகத்திலிருக்கும். கூரிய நாக்குடையவர். அவர் ‘என்ன?’ என்று ஒருமுறை கேட்டால், பயின்றவர்களுக்கே சொன்னது மறந்துபோகும்.

முதல் நாள் அந்தத் தமிழ்ப் பெண்ணின் முறை வந்தது. இரண்டு வாக்கியம் சொன்னார். பின்னுபவர் “என்ன?” என்றார். புதியவரின் முகம் வெளிறியது. மீண்டும் சொல்ல முயன்று, பாதியில் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நான் சொல்கிறேன்” என்று டேனிய மொழியில் கூறி, எஞ்சியதை நானே சொல்லி முடித்தேன். எல்லோருக்கும் எளிதாயிற்று, கோப்பியும் ஆறவில்லை.

மறுநாளிலிருந்து அதுவே எங்கள் முறையாயிற்று. இரண்டரை மணிக்கு இருவரும் துணி அறைக்குள் போவோம். வெள்ளை விரிப்புகளின் அடுக்குகளுக்கு நடுவே நின்று, அவர் தம் நோயாளரைப் பற்றித் தமிழில் எனக்குச் சொல்வார்.

“மூண்டாம் கட்டில் ஐயா நாலு நாளைக்குப் பிறகு இண்டைக்குத்தான் வெளிக்குப் போனவர். இவையள் பிறந்தநாளுக்கெல்லாம் மேசையிலை கொடி வைக்கிற ஆக்கள்தானே. இதுக்கும் ஒண்டு வைக்கலாம்.”

“பகிடியை விடும். காயம் எப்பிடி?”

“காஞ்சிட்டுது. கீழ் மூலையிலை, கடைசி ரெண்டு தையலுக்கும் நடுவிலை கொஞ்சம் சிவப்பு. நேற்றையைவிடக் கூடேல்லை. விரலாலை அளந்து பாத்தனான்.”

“ஏழாம் கட்டில்?”

“அந்த அம்மா என்னைக் கேக்கிறா, உங்கடை நாட்டிலையும் பனி கொட்டுமோ எண்டு. ஓம் எண்டு சொல்லிப்போட்டன்.”

“ஏன் பொய் சொன்னனீர்?”

“இல்லையெண்டு சொன்னால் பிறகு ஏன் எண்டு கேப்பா. அதுக்கெல்லாம் என்னட்டை டேனிஷ் இல்லை அக்கா.”

நோயாளி ஒருவரை அவர் சொல்லக் கேட்பது எனக்கு இன்பமாயிருந்தது. கண்டது, தொட்டது, முகர்ந்தது யாவும் அதிலிருக்கும். மூன்று மணிக்கு மேசையருகே அமர்ந்ததும் அவர் சிலையாகிவிடுவார். நான் அவர் கண்டவற்றைச் செம்மையான டேனிய மொழியில் அடுக்கிச் சொல்வேன். கட்டிலருகில் தொங்கும் குறிப்பேட்டிலும் நானே எழுதினேன். வெள்ளிக்கிழமை அரைமணி நேரத்திலும் நானே பேசினேன், அவர் தலையசைத்தார்.

இதைத் தவறென்று நான் எண்ணவில்லை. நாங்கள் வளர்ந்த வீடுகளில், அயலார் முன் மூத்தவர் பேசுவார். இளையவர் அருகில் நிற்பார். அலுவல் நிமித்தம் கந்தோருக்குப் போனாலும் வைத்தியரிடம் போனாலும் அப்படியே. அந்நகரத்துக்கு வந்திறங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கும் நான் அவ்வாறே இருந்தேன். சனிக்கிழமைகளில் நகரசபைக் கடிதங்களோடு என் வீட்டுக்கு வருவார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கு என்னை அழைத்துப் போவார்கள். பல் வைத்தியரிடம்கூட அவர்களின் வலியை நானே விளக்கியிருக்கிறேன். ஒருவருக்காகப் பேசுவது அவரைத் தாங்குவது என்றே நான் கருதினேன். இன்னொன்றும் இருந்தது, அதை எழுதத் தயக்கமாக உள்ளது. அவருடைய உடைந்த டேனிய மொழியை என் சகபணியாளர்கள் கேட்பதில் எனக்கு உள்ளூரக் கூச்சமிருந்தது. பத்தாண்டு முயன்று நான் ஈட்டிய மதிப்பு அவருடைய ஒரு பிழையால் குறைந்துவிடும் என்பதுபோல் அஞ்சினேன்.

ஆறாம் கிழமை தலைமைத் தாதி கூடத்தில் என்னை நிறுத்திக் கேட்டார்: “அவள் எப்படி?”

“மிகத் திறமையானவர்.”

“அப்படி நீ சொல்கிறாய்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதைப் பாராட்டாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

ஏழாம் கிழமை, வழிகாட்டித் தாதியருக்கென்று ஹோர்சன்ஸில் இரண்டு நாள் பயிற்சி நடந்தது. பல மருத்துவமனைகளிலிருந்தும் வந்திருந்தோம். இரண்டாம் நாள் எங்களை இருவர் இருவராக அமர்த்தி, ஒருவர் ஆரஞ்சு நிறத் தோடம்பழமொன்றுக்குக் காயக்கட்டுப் போட, மற்றவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாய்திறவாது பார்க்கவேண்டும் என்றார்கள். என் முன்னிருந்த பெண் கட்டைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்தார். பொறுக்கமாட்டாமல் நான் கையை நீட்டிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிறுபிள்ளை விளையாட்டென்று நினைத்துக்கொண்டு மாலைத் தொடருந்தில் ஏறினேன்.

எங்கள் நிலையத்தில் இறங்கியபோது மணி ஐந்தரை. மேடையில் புதியவர் நின்றுகொண்டிருந்தார். தலைமுக்காடு மழையில் நனைந்திருந்தது.

“என்ன, பிள்ளையை விட்டிட்டு இஞ்சை நிக்கிறீர்?”

“அவர் பாக்கிறார் அக்கா. உங்களிட்டை ஒரு விசயம் சொல்லவேணும். ரெண்டாம் கட்டில் ஐயான்ரை இடது கால்.”

இரண்டாம் கட்டிலிலிருந்தவர் பித்தப்பை அறுவை முடிந்து நான்காம் நாளிலிருந்த முதிய பன்றிப் பண்ணைக்காரர்.

“காலுக்கு என்ன?”

“காலமை ஏழரைக்கு உடம்பு துடைக்கேக்கை பாத்தனான். கெண்டைக்கால் சுடுது. மற்றக் காலைவிட ரெண்டு விரல் மொத்தம். பாதத்தை மேலை மடக்கினால் முகத்தைச் சுழிக்கிறார்.”

அதன் பொருள் இருவருக்கும் தெரியும். காலின் நாளத்தில் குருதி கட்டியிருக்கலாம். நோயாளி எழுந்து நடந்தால் அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலுக்கு ஏறிவிடவும் கூடும்.

“ஆருக்குச் சொன்னனீர்?”

அவர் நனைந்த முக்காட்டின் நுனியைப் பிழிந்தார்.

“ஆருக்குப் பிள்ளை சொன்னனீர்?”

“உங்களுக்குத்தான் அக்கா. இப்ப.”

காலை ஏழரைக்குக் கண்டது. இப்போது மாலை ஐந்தரை. அவர் விரைந்து சொல்லத் தொடங்கினார். “நடக்கக் கூடாதெண்டு அவருக்குக் கையைக் காட்டிச் சொன்னனான். கட்டிலின்ரை கால்மாட்டை உயத்தி விட்டனான். மூண்டு மணிக்குச் சொல்லத்தான் வெளிக்கிட்டன். எங்கடை நோயாளியளைப் பற்றி வேறை ஒராள் குறிப்பைப் பாத்து வாசிச்சவ. வாசிச்சு முடிய, அந்தப் பின்னுறவ என்னைப் பாத்தா. எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. பிழையாச் சொல்லி அவையள் வேறை என்னவோ எண்டு விளங்கிக்கொண்டால்? அக்கா பின்னேரம் வருவா, முறையாச் சொல்லுவா எண்டு விட்டிட்டன்.”

நிலைய வாயிலில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்கு ஓடினோம். மாலைப்பணியில் இருந்த அந்தப் பின்னுபவரே எடுத்தார். இரண்டாம் கட்டிலின் காலைப் பற்றிச் சொன்னேன்.

“அவர் கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறார்” என்றார். “கட்டில் சாய்ந்திருந்தது. யாரோ மறந்துவிட்டார்கள் என்று நான்தான் இறக்கிவிட்டேன். பொறு.” அவர் தொலைபேசிக் கைப்பிடியை மேசையில் வைத்துவிட்டு ஓடும் காலடியோசை கேட்டது. மரச்செருப்பின் ஓசை. திரும்பி வந்து மூச்சிரைக்கக் கேட்டார்: “எப்போதிருந்து?”

பிழை நேராதிருக்க, நான் கூண்டுக்கு வெளியே தலையை நீட்டித் தமிழில் மறுபடியும் கேட்டேன். பதிலை டேனிய மொழியில் சொன்னேன்.

“எந்த இடத்தில்?”

மீண்டும் திரும்பிக் கேட்டுச் சொன்னேன்.

“மற்றக் காலோடு ஒப்பிட்டாளா?”

மீண்டும் திரும்பினேன்.

“அவள் உன் பக்கத்திலா நிற்கிறாள்?”

“ஆம்.”

“அப்படியானால் நீ எதற்கு நடுவில்? அவளிடம் கொடு.”

கொடுத்தேன். அவர் கைப்பிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். நான் கூண்டுக்கு வெளியே மழையில் நின்றேன். கண்ணாடிக் கதவு முழுதும் மூடவில்லை. உள்ளே பேசியது கேட்டது. அவருடைய டேனிய மொழி துண்டு துண்டாக வந்தது. “ஏழு மணி முப்பது. இடது. முழங்காலுக்குக் கீழே ஒரு கை அகலம். சூடு. கடினம். தோல் மினுக்கம். மூச்சு நல்லது. நாடி எண்பத்தெட்டு, காலையில். பன்னிரண்டு மணிக்குத் தொண்ணூற்றாறு.” நாடித் துடிப்பை அவர் எனக்குச் சொல்லவேயில்லை. நான் கேட்கவுமில்லை. மறுமுனையிலிருந்தவர் கேட்டுக்கொண்டேயிருந்தார், இவர் விடைசொல்லிக்கொண்டேயிருந்தார். நான் அவருக்காக அடுக்கிச் சொன்ன எந்த நாளிலும் ஒரு நோயாளி இவ்வளவு தெளிவாக அம்மேசையில் வைக்கப்பட்டதில்லை.

சிறிது நேரத்தில் வைத்தியர் பார்த்தார். குருதிக்கட்டி இருப்பது உறுதியாயிற்று, குருதியை இளக்கும் மருந்து ஏற்றினார்கள். அம்முதியவர் மேலும் மூன்று கிழமை தங்கி, நலமாக வீடு சென்றார்.

மறுநாள் காலை தலைமைத் தாதி எங்கள் இருவரையும் தம் அறைக்கு அழைத்தார். சுருட்டைப் பற்றவைக்கவில்லை, விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டிருந்தார்.

“பத்து மணிநேரம்” என்றார். “கண்டதைச் சொல்லாத ஒருவரிடம் நான் எப்படி நோயாளரைத் தனியே விடுவேன்? இந்தச் சோதனைக் காலத்தை இத்தோடு நிறுத்தவேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.”

புதியவர் முழங்கால்களைச் சேர்த்துவைத்து அமர்ந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏழு கிழமையாக மூன்று மணிக்குப் பார்த்த அதே பார்வை. அவருக்காக வாதாட என் நாவில் சொற்கள் ஆயத்தமாக நின்றன, நல்ல சொற்கள். அவற்றைச் சொன்னால், அவருக்குப் பேசத் தெரியாதென்பதை நானே நிறுவியவளாவேன். எனவே என் பங்கை மட்டும் சொல்வதென்று முடிவுசெய்தேன்.

துணி அறையைப் பற்றிச் சொன்னேன். இரண்டரை மணி ஒத்திகையையும், குறிப்பேட்டில் இருந்த கையெழுத்து யாருடையதென்பதையும் சொன்னேன். கண்டால் என்னிடம் சொல்லும்படி நானே அவரைப் பழக்கியதாகவும், அன்று நான் ஊரில் இல்லாதபோது அவர் பழகியபடியே செய்ததாகவும் சொன்னேன்.

தலைமைத் தாதி சுருட்டை மேசையில் வைத்தார். “அப்படியென்றால் இத்தனை கிழமையும் நான் மதிப்பிட்டது உன்னை” என்றார். பின் நாற்காலியைத் திருப்பி, “இனி நீ சொல்” என்றார் அவரிடம்.

நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் பார்த்தேன். நான் சொல்லவில்லை. என் பிழை. அக்காவின் பிழை இல்லை.”

“அக்கா யார்?”

அவர் என்னைச் சுட்டினார்.

“உன் உறவினரா?”

“இல்லை.”

“பிறகு?”

அவர் சொல்லைத் தேடினார். “என் இடத்தில் பேசுகிறவர்.”

தலைமைத் தாதி சிரிக்கவில்லை. எஞ்சிய ஆறு கிழமையும் சோதனைக் காலம் தொடரும் என்றார். தம் நோயாளரை அவரே சொல்லவேண்டும், அவரே எழுதவேண்டும், எவ்வளவு நேரமெடுத்தாலும் மேசையில் ஒருவரும் எழுந்து போகக்கூடாது. “வழிகாட்டி யார் என்பதை நீயே தேர்ந்துகொள். நாளை சொல்” என்று கதவைத் திறந்துவிட்டார்.

நானே தொடர்வேன் என்பதில் எனக்கு ஐயமிருக்கவில்லை. என் பிழையை நானே ஒப்புக்கொண்டவள்; இனித் திருத்தமாகச் செய்வேன் என்று மனத்துள் திட்டங்கூடப் போட்டேன். இரண்டு நாள் கழித்துச் சுவரில் புதிய அட்டவணை தொங்கியது. அவர் பெயருக்கு நேரே இருந்தது அந்தப் பின்னுபவரின் பெயர்.

அன்று விரிப்பு எடுக்கத் துணி அறைக்குப் போனபோது அவர் உள்ளே இருந்தார்.

“ஏன் பிள்ளை?” என்று மட்டும் கேட்டேன்.

“கோவிக்காதையுங்கோ அக்கா.” அவர் தலையணையுறைகளை எண்ணுவதுபோல் பாவனை செய்தார். “உங்களோடை நிண்டால் நான் நல்ல தங்கச்சியா இருப்பன். எனக்கு இஞ்சை நேர்ஸா இருக்கவேணும்.”

“அவ கடுமையானவ.”

“ஓம், கடுமைதான். நேற்றுப் பிழையாச் சொல்ல, பின்னுற ஊசியாலை மேசையிலை தட்டினவ. ஆனால் நான் சொல்லி முடிக்குமட்டும் என்ரை முகத்தை விட்டுக் கண் எடுக்கேல்லை அக்கா. அது போதாதெண்டு, ‘வேறை என்ன கண்டாய்’ எண்டு திருப்பியும் கேக்கிறா. உங்களுக்கு நான் சொல்ல முதலே விளங்கீடும்.”

அதைக் குற்றச்சாட்டாக அவர் சொல்லவில்லை. எனினும் அன்று மிதிவண்டியில் வீடு திரும்புகையில் காற்று எதிரே வீசியதுகூட எனக்குத் தெரியவில்லை. நான் காத்துவந்தது அவரையா, அல்லது அந்நகரத்தில் எல்லோருக்காகவும் பேசுகிறவள் என்ற என் இடத்தையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். இரண்டும்தான் என்பதே நேர்மையான விடை. எவ்வளவுக்கு எது என்று இன்றும் பிரித்துச் சொல்ல இயலவில்லை. சனிக்கிழமைக் கடிதங்களை நான் நிறுத்தவில்லை. ஆனால் கொண்டுவருபவரை என் பக்கத்தில் இருத்தி, முதல் வரியை அவரே எழுதும்படி கேட்கத் தொடங்கினேன். சிலர் அதன்பின் வரவில்லை.

அடுத்த ஆறு கிழமையும் மேசையின் மறுகோடியில் அமர்ந்தேன். முன்பு நான்கு நிமிடத்தில் முடிந்தது பன்னிரண்டு நிமிடமாயிற்று. ‘என்ன?’ என்ற கேள்வி எழும்; அவர் திரும்பச் சொல்வார்; மீண்டும் எழும்; மீண்டும் சொல்வார். ஒரு நாள் மண்ணீரல் என்பதற்கு உரிய சொல் வரவில்லை. எழுந்து நின்று தம் இடப்பக்க விலாவின் கீழே விரலை வைத்தார். சுற்றியிருந்தவர்கள் ஒரே குரலில் அச்சொல்லைச் சொன்னார்கள். அவர் கையின் பின்புறத்தில் அதை எழுதிக்கொண்டார். எனக்கு அந்தச் சொல் அவர் எழும்பும் முன்பே வாய்க்குள் வந்திருந்தது. விழுங்கினேன்.

அவருடைய புதிய வழிகாட்டி அதிகம் பேசியதாக நான் காணவில்லை. வெள்ளிக்கிழமை அரைமணி நேரத்தில் இருவரும் சன்னலருகே அமர்ந்திருப்பார்கள். பின்னுபவர் ஒரு வினாவைக் கேட்டுவிட்டு, இரண்டு வரி பின்னி முடிக்கும்வரை காத்திருப்பார். ஒருமுறை தம் நூற்பையிலிருந்து தையல் அளவுநாடாவை எடுத்து, “காலை விரலால் அளக்காதே. உன் விரல் மெலிது, என் விரல் தடித்தது. இதை வைத்துக்கொள்” என்று அவர் சட்டைப் பையில் போட்டார்.

மதிப்பீடு முடிந்து, சில கிழமைகளில் பதிவுப் பத்திரம் அஞ்சலில் வந்தது. எங்கள் விடுதியிலேயே வெற்றிடம் இருந்தது. அவர் அதை ஏற்றுக்கொண்டார். பல ஆண்டுகள் அங்கே இருந்தார். பின்வந்த டேனியப் பெண்களுள் சிலருக்கு அவரே வழிகாட்டியானார். அவர்களில் பலர் நின்றார்கள், ஓரிருவர் போனார்கள். போனவர்கள் போகும் காரணத்தை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார்கள் என்பதைத் தலைமைத் தாதி பெரிதாக மதித்தார்.

பத்திரம் வந்த நாளில் அவருக்குப் பகற்பணி. மூன்று மணிக்கு எட்டு நோயாளரையும் ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார். அடுத்து என் முறை. நான் வழக்கம்போல் அடுக்காகச் சொல்லிக்கொண்டு போனேன், ஒருவரும் குறுக்கிடவில்லை, பின்னுபவரின் ஊசிகள் ஒரே சீராக ஓடின. நான் குறிப்பேட்டை மூடும் வேளையில் மேசையின் மறுபக்கத்திலிருந்து, பத்திரம் பெற்றவரின் குரல் வந்தது. டேனிய மொழியில், எல்லோருக்கும் கேட்கும்படி:

“ஐந்தாம் கட்டிலின் வடிகுழாயைப் பற்றி நீங்கள் சொல்லவில்லை. மதியத்துக்குப் பின் யார் பார்த்தது?”

ஊசிகள் நின்றன. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின.

“நான் பார்க்கவில்லை” என்றேன்.

ஒருவரும் எனக்காகப் பேசவில்லை. அவர் தமது கோப்பியை ஊற்றிக்கொண்டு காத்திருந்தார். நான் நாற்காலியைத் தள்ளி எழுந்து, ஐந்தாம் கட்டிலைப் பார்க்கப் போனேன்.